சாமியோடு பேச்சு நின்றுபோய் மூன்று மாதம் ஆகிறது. திரும்பப் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 ஓடம்போக்கிக்கரை

நான் இங்கே புது ஆள் இல்லை. நாலு வருடமாகச் சமையல் பகுதியில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரருக்கு 43 வயது. போன ஆடியில் கால் வீங்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர், அதனால்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 11. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அப்போதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வேண்டாத தெய்வம் இல்லை. வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன், உப்பும் மிளகும் போட்டேன். சமயபுரத்துக்கு மாவிளக்கு. மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு அப்படியே நாகூருக்கும் போய்வந்தார்கள். (எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த இரண்டும் ஒரே பஸ் ரூட்.)

என் சிறுநீரகம் அவருக்குச் சேராது. அவர் ஓ பாசிட்டிவ், நான் பி. கொழுந்தனார் தருகிறேன் என்றார், ரத்த வகையும் சேர்ந்தது. ஒவ்வொரு டெஸ்ட்டாக முடித்துக் கடைசிப் படியில் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கைத் துலக்கி, திரி போட்டு, எண்ணெய் ஊற்றினேன். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அந்த எண்ணெய் இன்னும் விளக்கிலேயே இருக்கிறது. அதில் ஒரு எறும்பு மிதக்கிறது. எடுத்துப் போடக்கூடக் கை போகவில்லை.

கோபமா என்றால் அதுவும் சொல்லத் தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒரு ஆளோடு பேசாமல் இருப்போமே, சோற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோமே, அது மாதிரி இருக்கிறது. நான் சோறும் வைக்கவில்லை.

இப்படி இருந்து பிறகு திரும்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து ‘எல்லாம் நன்மைக்கே’ மட்டும் வேண்டாம்.

#2 மன்னை_அத்தை

கண்ணு, மனசைத் தளர விடாதே. போன ஜென்மத்துக் கணக்கு, தீர்த்துத்தான் ஆக வேண்டும். ஆண்டவன் தாங்குகிறவர்களுக்குத்தான் சோதனையைக் கொடுப்பான். இன்றைக்கே விளக்கை ஏற்று.

#3 ஈரோட்டான்

அத்தை, அவர் எழுதியதில் கடைசி வரியைப் படித்தீர்களா? ‘நன்மைக்கே’ வேண்டாம் என்று சொன்னவரிடம் ‘உன் பாவம்’ என்று சொல்வது எந்த விதத்தில் ஆறுதல்?

#4 அருள்வாக்கு_48

48 நாளில் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யும். டயாலிசிஸ் தேவையே இல்லை. ஐயாவின் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை. தொடர்புக்கு: [எண் நீக்கப்பட்டது]

*மட்டுறுத்துநர்: எண்ணை நீக்கிவிட்டேன், இந்தக் கணக்கையும் முடக்கியாயிற்று. மற்றவர்கள் பார்ப்பதற்காகப் பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன்.*

#5 ஷிஃப்ட்_அக்கா

நான் டயாலிசிஸ் பிரிவில் 17 வருடமாக நர்ஸ். நம்பிக்கை பற்றிப் பேசுவதற்கு முன்னால் #4க்கு ஒரு பதில். இதே மாதிரி ஒருவர் பேச்சைக் கேட்டு எங்களிடம் வருவதை நிறுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனுஷன், தினமும் எனக்கு வணக்கம் வைப்பார். இரண்டு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது நுரையீரல் முழுக்க நீர். அந்த இரவைத் தாண்டவில்லை. பிரார்த்தனை செய்யுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். டயாலிசிஸில் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

ஓடம்போக்கி, கோயில் குளம் என்று போகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது சில இருக்கிறது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் மந்திரித்த கயிறு, தாயத்து, காப்பு எதையும் கட்டாதீர்கள். இறுகினால் ரத்த ஓட்டம் நின்று ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். அடுத்த கையில் கட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பஞ்சாமிர்தமும் இளநீரும் கூடவே கூடாது, இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். தீர்த்தம் ஒரு உத்தரணி வாங்கிக்கொள்ளலாம், அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயர் பதிந்தாயிற்றா? மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வரும் உறுப்புகள் அந்த வரிசைப்படிதான் போகும். ரத்த வகை சேராத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் முறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை பற்றி? எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு மணி நேரம் மெஷினில் கிடப்பவர்களில் பாதிப் பேர் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். சஷ்டிக் கவசம், ஜெபமாலை, திக்ர். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். பிபி இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது எல்லாரும் கத்துவது என்னவோ ‘அம்மா’தான்.

#6 ஓதுவார்_பேரன்

அக்கா, உங்கள் பெயரில் ஓடம்போக்கி ஆறு இருப்பதைப் பார்த்தால் திருவாரூர்ப் பக்கம் போல் தெரிகிறது. அப்படியானால் சாமியோடு பேச்சை முறித்துக்கொண்டதில் நீங்கள் முதல் ஆள் இல்லை. உங்கள் ஊர்க் கோயிலிலேயே அதற்குப் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார்.

சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். ஆரூர் நினைவு வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டினாரோ இல்லையோ, இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவருடையதுதான், அதை அவரே மறுக்கவில்லை. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்து ‘கோயிலுக்குள் இருக்கிறீரா?’ என்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: ‘உளோம் போகீர்.’ இருக்கிறோம், நீர் போகலாம்.

என் தாத்தா இந்த இடத்துக்கு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். ‘எந்த ஆபீஸிலடா இப்படிப் பதில் சொல்வான்’ என்பார். கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஒரு ஊன்றுகோல். அதனால்தான் அந்த ஊர்ச் சாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். கோபத்தில் சுந்தரர் அந்தக் கோலையே வீசி எறிந்தாராம், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். அது தல புராணம். பழைய கோயில் இருந்த இடம் பூண்டி ஏரிக்குள் போய்விட்டதால் சாமியை எடுத்துவந்து பக்கத்தில் வேறு கோயில் கட்டினார்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஒடிந்த கொம்போடுதான் நந்தி உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூருக்கு வந்தவர் அங்கே பாடியதைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று’ என்கிறார். வெளியே ஜுவாலை தெரியாமல் உள்ளுக்குள் புகைகிற நெருப்பு. உம்மைத் தவிர வேறு யாரையும் நாடாத அடியார்கள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னால், நீர் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறீர், திருவாரூரீர், ‘வாழ்ந்து போதீரே!’ நல்லா இருங்கய்யா என்று நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியேறுவோமே, அந்தத் தொனி. பதிகம் முழுக்க இந்த ‘வாழ்ந்து போதீரே’தான்.

இதைத் திருமுறையிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் நின்று ஓதுகிறோம். சாமியைத் திட்டியதும் வழிபாட்டுக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

#7 ஓடம்போக்கிக்கரை

தம்பி, ‘வாழ்ந்து போதீரே’ எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் தேவாரப் போட்டிக்குப் பாடியிருக்கிறேன். வாழ்த்து என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன். அவர் என்னவென்று கேட்டார், சொன்னேன். அவரும் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுந்தரருக்குக் கடைசியில் கண் வந்தது. கதை அப்படி முடிவதால்தான் அந்தத் திட்டு நமக்கு இனிக்கிறது. எங்கள் கதை எப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும்?

ஷிஃப்ட் அக்கா, பட்டியலில் பதிந்துவிட்டோம். முதலமைச்சர் காப்பீட்டில்தான் டயாலிசிஸ் ஓடுகிறது. மாற்றிக் கொடுக்கும் முறை பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, கேட்கிறேன். கயிறு விஷயம் படித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது கையில் நாகூர்க் கயிறு இருந்தது. வெட்டவில்லை, அவிழ்த்து வலது கையில் கட்டிவிட்டேன்.

தண்ணீர்க் கணக்குதான் கொடுமை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். சாயந்தரம் ஆனால் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கு இரண்டு பேரும் பாலத்துக்குப் போனோம். வருஷா வருஷம் போவதுதான். புதுத்தண்ணீர், செம்மண் நிறத்தில், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு போகிறது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்று, ‘எவ்வளவு தண்ணி பாரு’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

#8 முத்துநகர்

சகோதரி, முடிவு நன்றாக வராத பாட்டும் எங்களிடம் இருக்கிறது. 88ஆம் சங்கீதம். வேதாகமத்தில் 150 சங்கீதம் இருக்கிறது, துதிதான் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். புலம்பல் அதில் ஏராளம். பெரும்பாலும் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கி, முடிக்கும்போது எப்படியோ ஒரு வெளிச்சத்தைப் பிடித்துவிடும். 88 அப்படிப் பிடிக்காது. ராத்திரி பகலாகக் கூப்பிட்டேன், என் சிநேகிதர்களையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். கீழே ‘ஆனாலும்’ என்று ஒரு வரி கிடையாது.

என் மனைவி இறந்துபோன வருடத்தில் நான் திறந்த பக்கம் அது ஒன்றுதான். ஞாயிறு ஆராதனைக்குப் போனேன், பாட்டுப் பாடும்போது எழுந்து நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் என் பங்குக்கும் சேர்த்துச் சத்தமாகப் பாடுவார், அதுவும் சுருதி இல்லாமல். எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

‘உங்க விசுவாசம் பத்தல, அதான் அவங்க பிழைக்கல’ என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதலாம்தான், செய்யவில்லை.

#9 ஈரோட்டான்

எனக்குக் கடவுள் இல்லை, இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். டயாலிசிஸ் என்றதும் வந்தேன், என் அப்பா அதில் ஆறு வருடம் இருந்தார்.

அந்த மெஷினைக் கண்டுபிடித்த கதையை அப்பாவுக்கு அடிக்கடி சொல்வேன். வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர். இரண்டாம் உலகப் போர், நெதர்லாந்து முழுக்க ஜெர்மன் ராணுவம். காம்பன் என்ற சின்ன ஊரில், கிடைத்த சாமான்களை வைத்து 1943இல் மெஷினைச் செய்கிறார். ரத்தம் ஓடும் குழாய்க்கு என்ன பயன்படுத்தினார் தெரியுமா? இறைச்சிக் கடையில் சாசேஜ் சுற்றும் செலோஃபேன் உறை. முதல் நோயாளி பிழைக்கவில்லை. அடுத்தவரும் இல்லை. இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல், பதினைந்து பேருக்குக் குறையாமல். 1945இல் 67 வயதுப் பாட்டி ஒருத்தியை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். மெஷினில் போட்டார், கண் விழித்தாள். விழித்ததும் முதல் பேச்சே ‘என் புருஷனை விவாகரத்து செய்யப் போகிறேன்’ என்பதாம். அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தாள்.

அத்தனை பேர் செத்த பிறகும் அடுத்த ஆளுக்கு ஊசி குத்த ஒரு மனுஷனுக்குக் கை எழுந்தது பாருங்கள், எனக்கு அதுதான் நம்பிக்கை. இதற்குச் சாமி தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

#10 ஓதுவார்_பேரன்

ஈரோட்டான் அண்ணே, அந்தப் பாட்டி கதை முன்னாலேயே தெரிந்திருந்தால் சுந்தரரை விட்டுவிட்டு அதைச் சொல்லியிருப்பேன்.

#11 கடுவாயாறு

நான் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. எனக்கு அப்போது 15 வயது. தங்கச்சி போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

எழுத வந்தது வேறு. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று பேசிக்கொண்டார்கள், இப்போதும் பேசுகிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது உண்மையான அனுபவம், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவளைப் பார்க்க வந்து, மறுநாள் காலை கடற்கரையில் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களும் அவளிடம்தான் வந்தார்கள். யாராவது சாட்சி சொல்லும்போது எனக்குப் பிழைக்காதவர்களின் ஞாபகம்தான் வரும்.

எங்கள் அம்மா கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று வாசலை மேற்குப் பக்கம் மாற்றச் சொன்னாள். அப்பா மாற்றினார். மாசக்கணக்கில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. படகும் இல்லை, மனசும் இல்லை. முதல் தடவை அப்பா திரும்பக் கடலுக்குப் போன அன்று அம்மா ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். ஊற்றுவாள் என்று நினைத்தோம். கடலைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி என்னென்னவோ பேசினாள். காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு. பேசி முடித்துவிட்டுப் பாலை ஊற்றினாள். சொம்பைக் கடல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதனால் திருவாரூர்ப் பாட்டு பற்றி மேலே எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது.

#12 நாகூர்_காற்று

கடுவாயாறு தம்பி, உன் அம்மாவுக்கு என் சலாம்.

அந்த வாரம் நானும் இருந்தேன். தர்கா இடத்தில் குழி தோண்டியவர்களில் ஒருவன். வந்த உடல்களை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை, யாருக்கும் அந்த எண்ணமும் இல்லை. ஒரு பக்கம் அடக்கம், இன்னொரு பக்கம் அண்டா வைத்துச் சோறு. நாகூர் எஜமான் வாசலில் எப்போதும் நடப்பதுதான், அன்றைக்குக் கூட்டம்தான் வேறு.

தங்கச்சி ஓடம்போக்கிக்கு: குர்ஆனில் 94ஆம் அத்தியாயத்தில் ஒரு வசனம் உண்டு. கஷ்டத்துடன் இலேசு இருக்கிறது என்று, அடுத்தடுத்து இரண்டு தடவை வரும். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இதைச் சொல்லும்போது கஷ்டத்துக்கு ‘அப்புறம்’ இலேசு வரும் என்று சொல்லிவிடுகிறார்கள். அரபியில் இருப்பது ‘மஅ’, ‘உடன்’. என் உஸ்தாது இதை அழுத்திச் சொல்வார். அப்புறம் என்று எடுத்துக்கொண்டால் முடிவு வரைக்கும் காத்திருக்க வேண்டும். உடன் என்றால் இன்றைக்கே, இந்தக் கஷ்டத்தின் பக்கத்திலேயே தேட வேண்டும். வாப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் நான் தினமும் தேடினேன். சில நாள் கிடைக்கும்: நல்ல தூக்கம், ஒரு வாய்க் கஞ்சி. சில நாள் ஒன்றும் கிடைக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சுந்தரர் கண் கதையைப் படித்ததும் யாகூப் நபி ஞாபகம் வந்தார். மகன் யூசுபைத் தொலைத்துவிட்டு அழுது அழுது கண் வெளுத்துப்போனவர். வீட்டார் ‘இன்னுமா அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். ‘என் துக்கத்தை நான் அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன்’ என்கிறார். நபிக்கே அழுகை உண்டு, முறையீடு உண்டு. பொறுமை என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை, எங்கள் ஆட்களும் இதைப் படிக்கலாம். நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. டயாலிசிஸில் இருந்துகொண்டு அடம்பிடித்து நோன்பு வைக்காதீர்கள்.

#13 ஷிஃப்ட்_அக்கா

பாய், அந்தக் கடைசிப் பத்தியை அச்சடித்து எங்கள் வார்டில் ஒட்டலாம் போல இருக்கிறது. ரமலான் வந்தால் இந்தப் பஞ்சாயத்தே எனக்குப் பெரிய வேலை. ஏகாதசிக்கும் அதேதான், யாரும் சிரிக்க வேண்டாம்.

#14 மன்னை_அத்தை

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். பேரன் போனில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தான். ஈரோட்டுத் தம்பி கோபப்பட்டது நியாயம்தான்.

எனக்கு இப்போது 71. என் மூத்த பிள்ளை மூன்றரை வயதில் மூளைக் காய்ச்சலில் போனான். கல்யாணமாகி அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. போன ஜென்மத்துக் கணக்கு என்று அப்போது என் அம்மா சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். காரணமே இல்லாமல் பிள்ளை போனான் என்றால் எனக்குப் புத்தி பேதலித்திருக்கும். கணக்கு என்றால் யாரோ ஒருவன் கணக்கு எழுதுகிறான் என்று ஆகிறது, அது ஒரு பிடிமானம். அந்தப் பிடிமானத்தை உன்னிடம் நீட்டினேன், கண்ணு. உனக்கு அது கல்லாகத்தான் பட்டிருக்கும். தப்புதான்.

நீ சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டதாக எழுதியிருந்தாய். மாசிக் கடைசி ஞாயிறிலிருந்து 28 நாள் அந்த அம்மனுக்கே பச்சைப் பட்டினி. தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் அவ்வளவுதான். ஊர் உலகத்துக்காக அவள் பட்டினி கிடக்கிறாள். என் பிள்ளை போன வருஷம் நான் விரதம் எல்லாவற்றையும் விட்டேன், கோயில் வாசலையே மிதிக்கவில்லை. ஆனால் அந்த 28 நாள் வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கிடக்கிறாளே, துணைக்கு நாமும் கிடப்போம் என்று தோன்றியது. கும்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் திரும்ப வந்தது அப்படித்தான்.

#15 ஈரோட்டான்

அத்தை, மன்னிக்கணும். அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கலாம்.

#16 மன்னை_அத்தை

போடா, நீ என் பேரன் வயசு.

#17 கவிதை_நேசன்

சகோதரி, ஒன்று கேட்கிறேன். தினமும் விடிகாலை எழுந்து கணவரை அழைத்துப் போகிறீர்கள், தண்ணீரை அளந்து கொடுக்கிறீர்கள். இதுதானே உண்மையான பூஜை? விளக்கு எதற்கு?

#18 ஓடம்போக்கிக்கரை

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அப்படிச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் காரியம் அவர் இடது கையில் ஃபிஸ்டுலா மேல் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பது. உள்ளே புர்ர்ரென்று ஓடும், பூனை உறுமுகிற மாதிரி. அது ஓடினால் அன்றைக்கு ஊசி ஏறும், நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த இரண்டு விநாடி எனக்கு மூச்சு நிற்கும். அது பூஜை இல்லைங்க, பயம். நர்ஸ் சொல்லிக்கொடுத்த வேலை. எல்லாவற்றையும் பூஜை என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் யாரிடம் போய் அழுவது?

#19 கவிதை_நேசன்

சரிங்க. புரிகிறது.

#20 ஓடம்போக்கிக்கரை

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடுவில் அவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் அட்மிட் பண்ணி வைத்தார்கள். இப்போது பரவாயில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயந்தரம் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பும்போது கால் கோயில் குளம் கமலாலயம் பக்கம் திரும்பியது. சாயரட்சை நேரம், அதாவது சாயந்தரப் பூஜை. திருவாரூரில் சாயரட்சைக்குக் கூட்டம் எப்போதும் இருக்கும், தேவர்களே வருகிற நேரம் என்பார்கள். மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தியாகராஜர் சன்னதிக்கு நேராகக் கடைசியில் போய் நின்றேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கை கூப்பவில்லை. தீபாராதனை காட்டி முடித்தபோது மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘வாழ்ந்து போதீரே’ என்றேன். போட்டியில் பாடிய ராகத்தில் இல்லை. சும்மா, பேச்சாக.

பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்து, ‘என்ன பாட்டும்மா?’ என்றார்கள். தேவாரம்தான் என்றேன். ‘நல்லாயிருக்கு’ என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

ஓதுவார் தம்பி, உங்கள் ‘உளோம் போகீர்’ பற்றி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கண் கொடுக்கவில்லை, சரி. ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. இருக்கிறோம் என்ற ஒரு வார்த்தையும் கையில் ஒரு கோலும். நான் சிறுநீரகம் கேட்டேன், அது இன்னும் வரவில்லை. கோல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. வந்திருக்கிறது என்று சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

விளக்கை இன்னும் ஏற்றவில்லை. எறும்பை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் பழைய எண்ணெயைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மாமியார் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

நாளைக்குப் புதன். அஞ்சு மணி பஸ்.

#21 ஷிஃப்ட்_அக்கா

காய்ச்சல் எதனால் என்று சொன்னார்களா? ஃபிஸ்டுலா கையில் சிவப்போ வலியோ இருந்தால் நாளைக்கு ஊசி போடும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போன ஷிஃப்டுக்கும் இதுக்கும் நடுவில் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது?

#22 ஓடம்போக்கிக்கரை

சிவப்பு இல்லை அக்கா, சளிக் காய்ச்சல்தான் என்றார்கள். எடை ஒன்றரை கிலோ. போன மாதம் மூன்று ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் கட்டி வாயில் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்.